நேட்டிவ் என்ற ஏழாவது கட்டம்

இந்தக் குறிப்பில் வரும் பெண்ணின் உண்மையான பெயர் கலைமகள் இல்லை. அவர் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், இப்போது இருக்கும் ஊர் எதையும் இதில் எழுதவில்லை. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் பேரும் ஊரும் தேதியும் எழுதியே பிழைத்தவன் நான். ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது எனக்குச் சுலபமாக வரும் காரியம் அல்ல. ஏன் விட்டிருக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் ஆள் சேர்ப்பு ரிஜிஸ்டரில் பதினான்கு கட்டங்கள். ஏழாவது கட்டத்தின் தலைப்பு 'நேட்டிவ்'. என்னிடம் உள்ள பழைய ஆங்கில அகராதி அந்தச் சொல்லுக்கு, ஓரிடத்தில் பிறந்தவர், அந்த மண்ணைச் சேர்ந்தவர் என்று பொருள் சொல்கிறது. அகராதியில் அது ஆளைக் குறிக்கும். திருப்பூரில் ஊரைக் குறிக்கும். பேரைக் கேட்டவுடன் இங்கே அடுத்த கேள்வி 'நேட்டிவ் எதுங்க?' என்பதுதான். நேட்டிவ் போயிருக்கிறான், நேட்டிவில் மழை இல்லையாம் என்று தேனிக்காரர் பேசுவார். ஒடிசாவிலிருந்து வந்தவருக்குத் தமிழ் வருவதற்கு முன்பே இந்த ஒரு சொல் வந்துவிடும். விட்டுவிட்டு வந்த ஊர் என்பதே இங்கே அதன் பொருள். இந்தப் பக்கத்திலேயே பிறந்த எங்களை யாரும் அந்தக் கேள்வி கேட்பதில்லை. பொங்கலூரிலோ சோமனூரிலோ பிறந்தவருக்கு ஏழாவது கட்டத்தில் 'லோக்கல்' என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. அதற்கு முகவரிகூட வேண்டாம்.

தீபாவளிக்குக் கம்பெனி பிடிக்கும் பஸ்களில் யாருக்கு எந்தப் பஸ்ஸில் சீட் என்று அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பட்டியல் போடுவேன். ஓர் ஆள் பத்து நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் நோட்டீஸ் போவதும் அந்த ஊருக்குத்தான், ரிஜிஸ்டர் தபாலில். இது முதலாளி கதிர்வேல் போட்ட விதி அல்ல. நான் போட்டது. பனியன் கம்பெனி ஆட்கள் ரூமை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஊர் மட்டும் மாறாது என்று முதலாளியிடம் நான் சொன்னேன். அவர் நல்ல யோசனை என்றார்.

கலைமகள் வேலைக்கு வந்தது 15-6-2009, திங்கட்கிழமை. வயது இருபத்து மூன்று. செக்கிங் பிரிவு. தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்கும் வேலை. நான்கு வயது மகள் தரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். ஏழாவது கட்டத்துக்கு வந்தபோது, அனுப்பர்பாளையம் என்று போடச் சொன்னார். அது இப்போதைய முகவரி, எட்டாவது கட்டம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த ஊர்ப் பேர் வேண்டாம் சார் என்றார். அவர் கொடுத்த வாக்காளர் அட்டையின் ஜெராக்ஸ் என் கையில் இருந்தது. அதில் கணவன் பெயர், தெரு, கிராமம், தாலுகா, எல்லாம் இருந்தன. ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன்.

இரண்டாம் முறை அவர் கேட்டது 2011 ஜனவரியில். புதிய அடையாள அட்டை அடித்தோம். அட்டையின் பின்பக்கம் நேட்டிவ் அச்சாகும். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் பையில் வைத்துக்கொண்டு வந்ததற்காகச் சூப்பர்வைசர் அவரை என்னிடம் அனுப்பினார்.

"அந்த ஊரு என் கழுத்துல தொங்கணுமா சார்?" என்றார்.

அட்டை என்றால் அப்படித்தான் என்றேன். அப்போதுதான் அவர் கொஞ்சம் வாய் திறந்தார். அங்கே தனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை, இருப்பவர்கள் தனக்கு வேண்டாதவர்கள், இங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்றார். ஒரு மனுஷி என்னிடம் இதைச் சொல்கிறாள் என்றால் என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்கு அன்று நூற்றெண்பது அட்டை பாக்கி இருந்தது.

"அதெல்லாம் ரிஜிஸ்டருக்குத் தெரியாதுங்க அம்மிணி," என்றேன். "ரூம் அட்ரஸ் பத்து தடவை மாத்துங்க, எழுதித் தர்றேன். நேட்டிவ் மாத்தறதுக்கு இல்லீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். அட்டையின் பின்பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை ஒட்டி மறைத்திருந்தார் என்பதை நான் பிறகு பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தீபாவளிக்கும் தென்பக்கம் போகும் பஸ்ஸில் அவருக்கும் குழந்தைக்கும் சீட் போட்டேன். மூன்று முறையும் அவர் ஏறவில்லை. பட்டியலில் மூன்று முறையும் 'வரவில்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. சீட் வீணாவதைப் பற்றி ஒரு தடவை கடிந்துகூடப் பேசினேன். அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. ஊரே காலியாகிவிடும் அந்த நான்கு நாளும் அவரும் தரணியும் அவிநாசிக் கோயிலுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் சும்மா போய்வருவார்களாம். கூட்டமே இல்லாத திருப்பூர் தங்களுக்கே எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கும் என்றார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் பன்னிரண்டு நாள்தான் லீவு. அவர் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் வீரணன், அவரும் தெற்கத்திக்காரர், அந்தப் பிள்ளை கண்ணுக்கு ஊசி ஓட்டை தப்பாது என்பார்.

6-8-2012 திங்கள் முதல் கலைமகள் வரவில்லை. வியாழக்கிழமை வீரணன் வந்து, அந்தப் பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சலாம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள் என்றார். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். காய்ச்சலில் கிடப்பவர் எப்படி எழுதுவார் என்று வீரணன் கேட்டார். வேறு யாராவது எழுதலாமே என்றேன். யாரும் எழுதிக் கொண்டுவரவில்லை. வாய்ப்பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. பத்தாவது நாள் சுதந்திர தினம், தபால் இல்லை. மறுநாள் 16-ஆம் தேதி இரண்டு நோட்டீஸ் அடித்தேன். ஒன்று நேட்டிவுக்கு, ஒன்று ரூமுக்கு. இரண்டிலும் அடியில் 'நகல்' என்று போட்டு மற்றதன் முகவரியை எழுதுவது என் வழக்கம். எது எங்கே போயிற்று என்ற சந்தேகம் பின்னால் வரக்கூடாது என்பதற்காக. அவர் ரூம் கம்பெனியிலிருந்து அறுநூறு அடி. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். தபால் ஆபீஸுக்குத்தான் நடந்து போனேன்.

ரூமுக்குப் போனது 'கதவு பூட்டியிருக்கிறது' என்று திரும்பி வந்தது. நேட்டிவுக்குப் போனதற்கு 21-ஆம் தேதி ஒப்புகை அட்டை வந்தது. அதில் ஒரு கையெழுத்து. வாக்காளர் அட்டையில் இருந்த அதே கணவன் பெயர். அதைப் பசை தடவி ஃபைலில் நேராக ஒட்டினேன். ஒரு காரியம் சரியாக முடிந்தது என்ற திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் புதன்கிழமை காலை கலைமகள் வேலைக்கு வந்தார். முகம் பாதியாகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு டீ நேரத்தில், பத்தரைக்கு, என் மேஜைக்கு வந்தார். சீட்டைப் பார்த்தேன், தேதிகள் சரியாக இருந்தன. நோட்டீஸ் அனுப்பிவிட்டதாகவும், அதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன்.

"எங்கன அனுப்புனீக?"

"நேட்டிவுக்குத்தானுங்க."

 ஃபைலைத் திருப்பி ஒப்புகை அட்டையைக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று காட்டத்தான். அவர் அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. என்று கையெழுத்துப் போட்டது என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். விரலை விட்டு எண்ணினார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

"பாப்பாவப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரணும் சார். இப்பவே போகணும்."

கேட் பாஸ் இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. பாஸ் புத்தகத்தை எடுத்தேன். பெயர், டோக்கன் எண், பிரிவு எழுதினேன். பேனா கொஞ்சம் மக்கர் செய்தது, உதறிவிட்டு எழுதினேன். வெளியே போகும் காரணம் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். 'சொந்த வேலை' என்று நானே எழுதினேன். சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும் என்று அனுப்பினேன். போய் வாங்கி வந்தார். நேரம் 10.50 என்று போட்டு, அடிக்கட்டையைக் கிழிக்காமல் பாஸை மட்டும் கிழித்துக் கொடுத்தேன். அன்று அவருக்கு அரைநாள் லீவு எழுதினேன்.

பதினொன்றே காலுக்கு மூன்று ஆண்கள் டைம் ஆபீஸுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் என் நோட்டீஸ். சத்தம் போடவில்லை. என் கையெழுத்தைக் காட்டி, இது நீங்கள்தானே என்று மரியாதையாகக் கேட்டார். நோட்டீஸின் அடியில் இருந்த முகவரிக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள், ரூம் பூட்டியிருந்ததாம். மூன்று வருடமாக எங்கெங்கோ தேடினார்களாம். சாமி மாதிரி நீங்கள் தகவல் கொடுத்தீர்கள் என்றார். அந்த வார்த்தை இன்றுவரை என் காதில் இருக்கிறது.

ஆள் உள்ளே இல்லை, பாஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன்.

"அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் சார். எம் புள்ளைய விடமாட்டேன். எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் சொல்லுங்க."

வருடா வருடம் ஆட்களின் பிள்ளைகளுக்குக் கம்பெனி நோட்டுப் புத்தகம் கொடுக்கும். அதற்காகப் பதின்மூன்றாவது கட்டத்தில் பள்ளியின் பெயரை எழுதி வைப்போம். ரிஜிஸ்டர் அந்தப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. தலைகீழாக வாசிக்கத் தெரிந்தால் அவரே வாசித்திருக்கலாம். ரிஜிஸ்டரை மூடினேன்.

"தெரியாதுங்க," என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் அந்த மேஜையிலிருந்து நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை வைத்து என்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் அவர்கள் அந்த ரூம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று வீரணன் சொன்னார். மூன்றாம் நாள் பூட்டை உடைத்துத் தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கலைமகள் வரவில்லை. செப்டம்பரில் அவர் பேரை ரிஜிஸ்டரில் அடித்து நீக்கும்போது, நின்ற காரணம் என்ற கட்டத்தில், 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று எழுதினேன். வழக்கமாக எழுதுவது அதுதான். கை தானாக எழுதிவிட்டது.

2019-இல் நான் ஓய்வு பெற்றேன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி, பழைய ரிஜிஸ்டர்களைக் காகிதக் கடைக்குப் போட இருந்தார்கள். மனம் கேட்காமல் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஊட்டுக்கு எடுத்து வந்தேன். என் மனைவி செல்லாத்தாள், இதற்கு ஒரு ரூம் வாடகைக்குப் பிடியுங்கள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் இறக்கியபோது கேட் பாஸ் அடிக்கட்டையும் பார்வையாளர் ரிஜிஸ்டரும் ஒரே கட்டுக்குள் இருந்தன. 22-8-2012. கலைமகள் வெளியே போன நேரம் 10.50. அந்த மூன்று பேர் கேட்டுக்கு வந்த நேரம் 10.58. என்னிடம் வந்தது பதினொன்றே கால். கேட்டிலிருந்து டைம் ஆபீஸ் இருபது அடி. நடுவில் பதினேழு நிமிடம்.

பார்வையாளர் ரிஜிஸ்டரில் மூன்று பேருக்கும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பெயர், தகப்பன் பெயர், நேட்டிவ், தாலுகா, பின்கோடு, வண்டி எண், செல் எண், பார்க்க வந்த காரணம். அவ்வளவும் நிரப்பச் சொல்லி நான் எத்தனையோ முறை திட்டியும் வீரணன் நிரப்பியதே இல்லை. பெயரும் நேரமும் மட்டும்தான் கிறுக்கி வைப்பார். அந்த ஒரே ஒரு நாள்தான் முழுதாக நிரம்பியிருக்கிறது.

வீரணன் இப்போது வேறொரு கம்பெனியில் பகல் காவல். போய்க் கேட்டேன். சிரித்தார். அன்று கலைமகள் எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோதே அவர்கள் வந்து இறங்கினார்களாம். ரோட்டுக்கு முதுகைக் காட்டி மூன்று பேரையும் குனிந்து எழுத வைத்தாராம். பின்கோடு தெரியாது என்றதற்கு, எங்கள் டைம் ஆபீஸ் பெரியவர் ரொம்பக் கண்டிப்பானவர், அது இல்லாமல் உள்ளே விடமாட்டார் என்று சொல்லி ஊருக்குப் போன் போட வைத்தாராம்.

"உங்க பேரச் சொல்லித்தான் சார் நிறுத்துனேன்," என்றார்.

கலைமகள் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்றேன். ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார். அன்று பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் கலைமகள் முதல் ஒரு மாதம் தங்கியது வீரணனின் மச்சினிச்சி வீட்டில்தான். பன்னிரண்டு வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன்.

"சொன்னா எழுதிருவீங்களே சார்."

 கலைமகளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்துச் சம்மதம் வந்தது. பேனாவும் நோட்டும் எடுத்து வரக்கூடாது என்பது நிபந்தனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். கலைமகள் முப்பது பெண்களை வைத்துச் செக்கிங் நடத்தும் சூப்பர்வைசராக இருக்கிறார். முன்னால் நரை. உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். சர்க்கரை போதுங்களா, மெதுவாக் குடிங்க, சூடு என்று அவர் பேசுவதைக் கேட்டு எனக்குத் திகைப்பாக இருந்தது. 'எங்கன அனுப்புனீக' என்று கேட்ட குரல்தான். ஆனால் பேச்சு எங்கள் ஊட்டுப் பெண்கள் பேச்சு, 'என்னுடைய' என்பதுகூட 'என்ற' என்றுதான் வந்தது. அவர் அப்படிப் பேசப் பழகிக்கொண்டதற்கு ஆசை மட்டும் காரணம் அல்ல என்பது அடுத்த நிமிடமே உறைத்தது. எந்தப் பக்கத்து ஆள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா.

கேட்காமலே சொன்னார். கணவன் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவான். சில சமயம் இரண்டு நாள் வரமாட்டான். அப்படி ஒரு தடவை உள்ளே தண்ணீர் தீர்ந்தபோதுதான் கூரை ஓடுகளைப் பிரித்துக் குழந்தையோடு வெளியே வந்தார். கிளம்பி வந்த பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் திருப்பூர் என்றார்கள், அவரும் திருப்பூர் என்று டிக்கெட் எடுத்தார். என் மேஜைக்கு வந்தது அதற்கு ஒன்பதாம் நாள்.

நான் கொண்டுபோன வார்த்தையைச் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன் அம்மிணி என்றேன். அப்போது உள்ளேயிருந்து தரணி வந்து கதவோரம் நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். மூன்றாம் வருடம் படிக்க வேண்டியவள். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனால் ஆள் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்று பயந்து, அந்த வருடம் முழுக்கக் குழந்தையை வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். மறுவருடம் திரும்ப மூன்றாம் வகுப்பு.

"இவருதானாம்மா?" என்று மட்டும் கேட்டாள். கலைமகள் ஆமாம் என்றார். தரணி என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கே இருந்தவரை வெளியே வரவில்லை.

ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன். கலைமகள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ரிஜிஸ்டரு இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன்.

"அதுல என்ற நேட்டிவ் இன்னும் அந்த ஊருதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அத மாத்திருங்க. முன்னயே கேட்டது அது ஒண்ணுதானுங்க."

யாரும் இனித் திறந்து பார்க்கப்போகிற புத்தகம் அல்ல அது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் மூன்றாம் முறையாகக் கேட்டார். இந்த விஷயத்தை எழுதலாமா என்று நான் கேட்டபோது, எழுதுங்கள், ஊர்ப் பேரெல்லாம் வேண்டாம் என்றார். கலைமகள் என்ற பெயர் அவரே சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் ரிஜிஸ்டரை எடுத்தேன். திருத்தம் செய்யும்போது ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் காரணமும் வேண்டும். நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்த முறை. ஏழாவது கட்டத்தில் மட்டும் அந்த முறையை மீறினேன். தெரு, கிராமம், தாலுகா எல்லாம் கறுப்பு மையில் ஓர் எழுத்தும் தெரியாமல் அழித்தேன். தாளின் மறுபக்கத்திலும் மை ஊறிவிட்டது. செல்லாத்தாள் எட்டிப் பார்த்து, என்னங்க புத்தகத்தை இப்படிப் பண்ணுறீங்க என்றாள்.

அழித்ததற்கு மேலே 'லோக்கல்' என்று எழுதினேன். தேதி போட்டேன். சுருக்கொப்பம் போட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் முதலில் 'வேண்டுகோளின்படி' என்று எழுதப் போனேன். அது முழு உண்மை இல்லை. 'எழுதியவர் தவறு' என்று எழுதினேன்.

தரணியின் ஒரு வருடத்துக்கு எந்த ரிஜிஸ்டரிலும் கட்டம் இல்லை.